நிழல் விழாத பஸ்

எங்கள் குழுவில் வேலை செய்தவர்களைவிட லேப்டாப்பின் முதுகில் ஸ்டிக்கர் ஒட்டியவர்கள்தான் அதிகம். சரவணம்பட்டியில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில், சனிக்கிழமை சாயங்காலங்களில் கூடுவோம். பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து எல்லோரும் லேப்டாப்பைத் திறந்தால், எதிரே இருப்பவருக்கு ஒரே கொடியும் முஷ்டியும் பென்குயினுமாகத் தெரியும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று எழுதி வைத்துக் கொடுக்கப்படும் மென்பொருளுக்குக் கட்டற்ற மென்பொருள் என்று பெயர். அதற்காகத்தான் கூடினோம். அதாவது, அதைப் பற்றிப் பேசுவதற்காகக் கூடினோம். பேசி முடித்ததும் கீழே இருந்த பேக்கரியில் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம்.

நான் ஆஸ்பத்திரிகளுக்கு பில் போடும் மென்பொருளை எழுதுகிற ஒரு கம்பெனியில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். வீடு பெரியநாயக்கன்பாளையத்தில். வீட்டை ஒட்டியே என் கணவரின் லேத் பட்டறை. பம்புசெட்டுக்கு வேண்டிய பாகங்களைக் கடைந்து கொடுக்கிறார். அந்தக் குழுவுக்கு நான் போனதற்குப் பெரிய கொள்கை எதுவும் காரணமில்லை. வாரம் முழுக்க பில் போடும் திரையையே பார்க்கிறவளுக்கு வேறு எதையாவது பார்த்தால் தேவலை என்றிருந்தது, அவ்வளவுதான்.

குழுவுக்கு ஒரு தலைவர் இருந்தார். தலைவர் என்று யாரும் சொல்ல மாட்டோம். அவரே அதைக் கண்டிப்பார். எல்லோரும் அவரை ‘அண்ணா’ என்போம். முன்பு ஏதோ ஒரு கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்து, அதை விட்டுவிட்டு ஆலோசகரானவர். யாருக்கு, எதற்கு ஆலோசனை என்று ஒருவரும் கேட்டதில்லை. நல்ல குரல். வெள்ளைச் சட்டை கசங்கி நான் பார்த்ததில்லை. ‘பகிர்தல்’ என்ற சொல்லை அவர் சொல்லும்போது கண்ணை லேசாக மூடிக்கொள்வார். பெண்கள் எல்லோரும் அவருக்குக் ‘கண்ணு’. அவரைவிட நாலைந்து வயதே இளையவளான நானும்.

அவர்தான் ஒருநாள் அந்த விளையாட்டைப் பற்றிச் சொன்னார். ஊர்களுக்கு நடுவே ரோடும் தண்டவாளமும் போட்டு, பஸ்ஸும் லாரியும் ரயிலும் விட்டு, ஆட்களையும் சரக்கையும் கொண்டுபோய்ச் சேர்க்கிற பழைய கம்ப்யூட்டர் விளையாட்டு. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று எப்போதோ விற்றது, பிறகு கைவிட்டுவிட்டது. உலகத்தில் அங்கங்கே இருந்த சிலர் சேர்ந்து அதன் நிரலை முழுக்கப் புதிதாக எழுதி, எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். ஆனால் அதற்குள் தெரியும் படங்களும் கேட்கும் சத்தங்களும் இன்னமும் அந்தக் கம்பெனியின் சொத்து. ஆகவே நிரல் இலவசம், ஆனால் ஓட்டினால் வெறும் கூடு. வீடில்லை, மரமில்லை, பஸ்ஸில்லை, சத்தமில்லை. அத்தனையையும் யாராவது புதிதாக வரைந்து, புதிதாகப் பதிவு செய்து, இந்தாருங்கள் என்று கொடுக்க வேண்டும்.

வீடு, மரம், ரோடு எல்லாவற்றையும் வேறு நாட்டுக்காரர்கள் வரைந்து கொடுத்திருந்தார்கள். வண்டிகளும் சத்தங்களும்தான் பாக்கி. “நம்ம கோயமுத்தூர்க் குழு அதைச் செஞ்சு குடுக்குமுங்க” என்று அண்ணா உறுதி கொடுத்துவிட்டு வந்திருந்தார். வண்டிகளை அவரே வரைவதாகச் சொன்னார். மற்றவர்கள் கை தட்டினார்கள். சத்தங்களைப் பதிவு செய்வதும், கடைசியில் எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் யாரும் நிறுவிக்கொள்ளும்படி சேர்த்துக் கட்டுவதும் என் தலையில் விழுந்தது. கைதட்டியவர்களுக்கு எந்த வேலையும் ஒதுக்கப்படவில்லை.

“அதென்ன வேலை, புள்ள?” என்று கேட்டார் என் கணவர்.

“எல்லாரும் குடுக்கறதை ஒண்ணாச் சேர்த்துக் கட்டறதுங்க. எது எவிய செஞ்சது, எங்கிருந்து வந்துதுன்னு பார்த்துச் சேர்க்கோணும்.”

“பொட்டலம் மடிக்கறதுன்னு சொல்லு.”

கிண்டலுக்குத்தான் சொன்னார். ஆனால் அதைவிடச் சரியான சொல் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கிறவருக்குக் கடுகில் என்ன கலந்திருக்கிறது என்று தெரிந்தே ஆகவேண்டும். என் வேலையும் அதுதான்.

சத்தம் பிடிக்கக் கிளம்பியபோதுதான் தெரிந்தது, எங்கள் ஊரில் எந்தச் சத்தமும் தனியாக இருப்பதில்லை என்று. பட்டறையில் லேத் ஓடுவதைப் பதிவு செய்தால் பின்னால் என் கணவர் போனில் யாருக்கோ நாளைக்கு, நாளைக்கு என்று வாக்குக் கொடுப்பது கேட்டது. தறிச் சத்தத்துக்காகச் சூலூர் போனேன். என்னோடு கல்லூரியில் படித்த தோழி ஒருத்தி அங்கே இருக்கிறாள். அவள் பக்கத்து வீட்டுக்காரர் தன் விசைத்தறிக் கூடத்தில் மற்ற தறிகளை எல்லாம் நிறுத்தி, எனக்காக ஒன்றை மட்டும் ஓட்டிக் காட்டினார். நான் பதிவை ஆரம்பிக்கும்போதெல்லாம் தலைக்கு மேலே விமானப்படை விமானம் ஒன்று கிழித்துக்கொண்டு போகும். “உங்க வேலையை அவியளுக்குச் சொல்லிப்போட்டாங்களாட்ட இருக்குதுங்க” என்றார் தறிக்காரர், சிரிக்காமல்.

டவுன் பஸ் டிரைவர் ஒருவரிடம் ஒரே ஒரு தடவை ஹார்ன் அடிக்கும்படி கேட்டேன். விஷயத்தைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, தன்னிடமிருந்த அத்தனை ராகத்தையும் வாசித்துக் காட்டினார். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. அதில் முதல் ஹார்னை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டேன். மழைக்குப் பட்டறைத் தகரக் கூரை. மாட்டுக்குத் தறிக்காரரின் மாடு. அது கத்துவதற்கு அரைநாள் எடுத்துக்கொண்டது.

இப்படியே என் பங்கு முடிந்தது. அண்ணாவிடமிருந்து வண்டிப் படங்கள் வந்தன. ஒவ்வொரு வண்டியையும் எட்டுத் திசையில் வரைய வேண்டும். அது திரும்பும்போது எந்தப் பக்கம் தெரிகிறதோ அந்தப் படம் வரும். எல்லாம் அழகாக இருந்தன. அழகில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. அண்ணா கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டால் அது முட்டையாகத்தான் வரும் என்பதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வரையும்போது சேமித்த வேலைக் கோப்புகளை அனுப்பச் சொல்லிக் கேட்டேன். “அனுப்பறேன் கண்ணு” என்றார். மறுபடி கேட்டேன். “ஹார்ட் டிஸ்க் போயிருச்சு கண்ணு” என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் படங்களை வெறுமனே உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பஸ் கண்ணில் உறுத்தியது. ஏழு திசைகளில் அதன் அடியில் நிழல் இருந்தது. எட்டாவதில் இல்லை. அந்தப் பக்கம் திரும்பும்போது மட்டும் பஸ் தரையைத் தொடாமல் மிதந்தது. இதை எங்கோ பார்த்திருக்கிறேன் என்று பட்டது. கல்லூரி நாட்களில் அந்தப் பழைய விளையாட்டை விடுமுறை முழுக்க விளையாடியவள் நான். குறுந்தகட்டைத் தேடி எடுத்துப் போட்டேன். கம்பெனிக்கு வரைந்த யாரோ ஒரு ஓவியர் சலித்துப்போயோ அவசரத்திலோ அந்த ஒரு திசையில் நிழல் போட மறந்திருந்தார். அண்ணாவும் அதே திசையில் மறந்திருந்தார். ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்தேன். புள்ளிக்குப் புள்ளி பொருந்தியது. சிவப்பு பச்சையாகியிருந்தது. நீலம் சிவப்பாகியிருந்தது. லாரி, ரயில் எல்லாம் அப்படியே. அவர் செய்த வேலை, நிறத்தைத் திருப்பும் பொத்தானை ஒரு இழு இழுத்தது மட்டும்.

எங்கள் பக்கத்துப் பேச்சில் ஒரு சங்கடம் உண்டு. திருடனைக்கூட ‘ங்க’ போட்டுத்தான் கேட்க வேண்டும். பேக்கரியில் அவர் பப்ஸைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

“அண்ணா, இந்தப் பஸ் நீங்க வரைஞ்சதுங்களா?”

“ஏங் கண்ணு, நல்லா இல்லீங்களா?”

“நெம்ப நல்லாருக்குதுங்க. உங்களுக்கு முன்னாடியே ஒருத்தர் வரைஞ்சுபோட்டாருங்க. அதுதான் கேட்டேன்.”

நான் போனில் காட்டிய இரண்டு படங்களையும் பார்த்தார். முகம் மாறும் என்று எதிர்பார்த்தேன். மாறவில்லை. சட்டையில் விழுந்த பப்ஸ் தூளைத் தட்டிவிட்டார்.

“கலரை மாத்தியாச்சில்லீங்க? அப்புறம் அது நம்முளுதுதானுங்க.”

“அப்படீன்னா வெளிய நிக்கற உங்க வண்டிக்குப் பச்சைப் பெயிண்ட் அடிச்சு நான் ஓட்டீட்டுப் போயிரலாமுங்களா?”

சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூட மதித்திருப்பேன். “அம்மணிக்கு வாய் சாஸ்திதான். இங்க பாருங்க, அந்தக் கம்பெனிக்காரன் எங்கியோ இருக்கறான். அவனே தூக்கிப் போட்ட சரக்கு. அவன் பெரியநாயக்கன்பாளையத்துக்கு வந்து பார்க்கப் போறானாக்கும்? காலேஜ்ல வெளியீட்டு விழாவுக்குத் தேதி குடுத்தாச்சுங்க. தாளாளரே வாரார்.”

“நான் இதைச் சேர்க்க மாட்டனுங்க, அண்ணா. எல்லாரும் எடுத்துக்கலாம்னு எழுதிக் குடுக்கறோம். நம்மளுது இல்லாததை எப்படி எழுதிக் குடுக்கறது? எடுத்து உபயோகிக்கிறவங்கல்ல மாட்டுவாங்க?”

அப்போதுதான் அவருடைய குரலிலிருந்து தேன் கொஞ்சம் வற்றியது. “பொட்டலம் கட்டறவிய கட்டுனாப் போதுமுங்க. உள்ள என்ன இருக்குதுன்னு உங்களுக்கு எதுக்குங்க?”

என் கணவர் கேலியாகச் சொன்ன அதே சொல். இவர் வாயில் அது வேறு மாதிரி இருந்தது. டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

அன்று ராத்திரியே குழுவின் செல்போன் குரூப்பில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, விஷயத்தை நாலு வரியில் எழுதினேன். எல்லோரும் பார்த்தார்கள். பார்த்ததற்கான அடையாளம் வரிசையாக வந்தது. முதலில் ஒருவர் கும்பிடுகிற கைகளைப் போட்டார். அதைப் பார்த்து இன்னொருவர் போட்டார். ஒருவர் “நேர்ல பேசித் தீர்த்துக்கலாமுங்க, பொதுவுல வேண்டாமே” என்றார். எதையும் மூடி வைக்கக்கூடாது, எல்லாம் திறந்தே இருக்க வேண்டும் என்று லேப்டாப்பில் ஒட்டி வைத்திருந்தவர் அவர். இன்னொருவர், ஒரு நல்ல காரியத்தை இப்படிக் கெடுக்கிறீர்களே என்று எனக்குத் தனியாக வருத்தப்பட்டு எழுதினார். அண்ணா மறுநாள் காலை வழக்கம்போல ஒரு பூப் படம் போட்டு வணக்கம் சொன்னார். முப்பது வணக்கம் திரும்ப வந்தது. அந்த வணக்கங்களுக்குள் என் நாலு வரி மேலே மேலே போய் மறைந்துவிட்டது.

நான் வண்டிகள் இல்லாமல், மற்ற படங்களையும் என் சத்தங்களையும் மட்டும் சேர்த்து ஒரு சோதனைப் பதிப்பைக் கட்டி, யாரும் இறக்கிக்கொள்ளும்படி குழுவின் தளத்தில் வைத்தேன். வண்டிப் படங்கள் தயாராகவில்லை என்று அதன் குறிப்பின் முதல் வரியிலேயே எழுதினேன். படம் கிடைக்காத இடத்தில் அந்த விளையாட்டு ரோஸ் நிறத்தில் ஒரு பெட்டியை வரைந்துகொள்ளும். அதையும் எழுதினேன். அண்ணா அதைப் படிக்கவில்லை. படிக்கத் தேவையில்லை என்று நினைத்திருக்கிறார். அம்மணி கோபத்தில் பேசும், அப்புறம் செய்து கொடுத்துவிடும் என்று யாரிடமோ சொன்னாராம். அவர் வாழ்க்கையில் அது அப்படித்தான் நடந்திருக்க வேண்டும்.

விழாவுக்கு நான் ஏன் போனேன் என்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அவர் கூசிப்போவதைப் பார்க்கப் போனேன். கடைசி வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பார்த்து உட்கார்ந்தேன். குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஒரு மாணவி கடவுள் வாழ்த்துப் பாடினாள். பிறகு அண்ணா மேடையேறிப் பகிர்தலைப் பற்றிப் பேசினார். கண்ணை மூடிக்கொள்ளும் இடத்தில் மூடிக்கொண்டார். கல்லூரிக்காரர்கள் முந்தின நாளே என் சோதனைப் பதிப்பை இறக்கி நிறுவி வைத்திருந்தார்கள். பெரிய திரையில் விளையாட்டு விரிந்தது.

ஊர் தெரிந்தது. வீடுகளும் மரங்களும் தெரிந்தன. அண்ணா ஒரு பஸ்ஸை விட்டார். ரோஸ் நிறப் பெட்டி ஒன்று கிளம்பி ரோட்டில் ஊர்ந்தது. இன்னொன்றை விட்டார். இன்னொரு பெட்டி. அவருடைய கை ஒரு கணம் மௌஸில் நின்றதைக் கடைசி வரிசையிலிருந்தே பார்த்தேன். என் மடியிலிருந்த கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

தாளாளர் முன்வரிசை சோபாவிலிருந்து கேட்டார். “ஏனுங்க சார், ரோஸ் கலர்ல பெட்டி பெட்டியா ஓடுதே, அது என்னுங்க?”

“கண்டெய்னர் லாரிங்க” என்றார் அண்ணா. ஒரு மூச்சுகூடத் தாமதிக்கவில்லை. “எக்ஸ்போர்ட்டுங்க. திருப்பூர்ல இருந்து சரக்குப் போகுதுங்க.”

“அட! நம்ம ஊரையே உள்ள கொண்டாந்துட்டீங்களே!”

அரங்கம் கை தட்டியது. திரையில் கண்டெய்னர் லாரி டவுன் பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு வந்து, பஸ் நிறுத்தத்தில் நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. ஒருவருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. எங்கள் குழுவினர் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ரோஸ் பெட்டி என்றால் என்ன என்று நன்றாகவே தெரிந்தவர்கள். அவர்களும் தட்டினார்கள். அண்ணாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் பொன்னாடையோடு படம் வந்தது; பின்னால் திரையில் ரோஸ் நிறமும் தெரிந்தது.

சாப்பாட்டுக்கு நிற்காமல் வெளியே வந்து ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. அவர் பொய் சொன்னது எனக்கு ஆச்சரியமில்லை. பொய் அவ்வளவு மட்டமாக இருந்தும் போதுமானதாக இருந்ததுதான் தாங்கவில்லை. இந்தக் கூட்டத்துக்குத் திருட்டுப் படம்கூடத் தேவைப்படவில்லையே. வெறும் பெட்டியே போதும். அப்புறம் எதற்கு அந்த மனுஷன் சிரமப்பட்டு நிறம் மாற்றினார்?

அங்கே உட்கார்ந்தபடியே சூலூர்த் தோழிக்குப் போன் போட்டேன். அவள் திருப்பூரில் துணிகளுக்கு டிசைன் போடுகிறவள். கட்டம் கட்டமாக, குறைந்த நிறங்களை வைத்து வரைவதுதான் அவள் பிழைப்பு. திறமைக்காரி. அது அவளுக்கே நன்றாகத் தெரியும் என்பதுதான் அவளோடு பழகுவதில் உள்ள கஷ்டம்.

நடந்ததை முழுக்கக் கேட்டாள். “எங்க தொழில்ல தெனமும் இதுதான் புள்ள. என்ற டிசைனைக் கலர் மாத்திப்போட்டு என்ற கிட்டயே விக்க வருவானுங்க” என்றாள். பிறகு, “நான் வரைஞ்சு தாரேன். என்ற பேரு மொதல்ல வரோணும். இனிஷியலோட” என்றாள்.

“வரும். ஆனா ஒண்ணு சொல்லிப்போடறேன். நீ வரைஞ்சதை யாரு வேணாலும் மாத்திக்கலாம். அப்படித்தான் எழுதிக் குடுக்கோணும்.”

“மாத்தறதா? நான் வரைஞ்சதை எவனோ மாத்துவானாமா?”

“உன்ற பேரைச் சொல்லீட்டு மாத்துவான். அதுதான் வித்தியாசம்.”

“மாத்தட்டும். மாத்தி அசிங்கம் பண்ணிக்கட்டும். ஒரிஜினல் எதுன்னு பார்த்தாலே தெரியுமில்ல” என்று ஒப்புக்கொண்டாள்.

விளையாட்டில் வண்டிகளை மேலிருந்து சரிவாகப் பார்க்கிறோம். ஆகவே கூரை முக்கியம். பிறந்ததிலிருந்து டவுன் பஸ்ஸில் போய் வருகிறேன். அதன் கூரை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் காந்திபுரத்தில் பஸ் ஸ்டாண்டைப் பார்த்தாற்போல் இருந்த ஒரு ஜவுளிக்கடைக்குப் போய், மாடி ஜன்னலோரமாக நின்றோம். சும்மா நிற்க விடுவார்களா? விற்பனைப் பெண் புடவைகளை எடுத்துப் போட ஆரம்பித்தாள். தோழி ஒரு கண்ணால் பஸ்களைப் பார்த்துக்கொண்டே, மறு கண்ணால் ஒவ்வொரு புடவையிலும் பூ எங்கே கோணலாக விழுந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தாள். “இதை எவன் போட்டான்னே எனக்குத் தெரியுமுங்க” என்றாள் அந்தப் பெண்ணிடம். ஒரு புடவையும் வாங்காமல் இறங்கியபோது எங்களை அந்தக் கடை முழுவதும் வெறுத்தது.

ஆனால் கூரையைப் பார்த்துவிட்டோம். நசுங்கல்கள், துருவேறிய திட்டுகள், பின்னால் ஏணி. ஒரு பஸ்ஸின் கூரையில் ஒற்றைச் செருப்பு ஒன்று கிடந்தது. அது எப்படி அங்கே போயிருக்கும் என்று இரண்டு பேரும் வழிநெடுகப் பேசினோம். தோழி அந்தச் செருப்பையும் வரைந்தாள். திரையில் அது மூன்று நாலு புள்ளிதான். யாரும் கண்டுபிடிக்க முடியாது. எட்டுத் திசையிலும் அது சரியான பக்கம் திரும்ப வேண்டும் என்று அவள் ஒரு மத்தியானம் முழுக்க என் சாப்பாட்டு மேஜையில் மல்லுக்கு நின்றாள். நிழலை எட்டுத் திசையிலும் நான் சரிபார்த்தேன். என் கணவர் எங்களுக்கு டீ போட்டுக்கொண்டு வந்து வைத்துவிட்டு, “சும்மா குடுக்கறதுக்கு இத்தனை பாடா?” என்று கேட்டுவிட்டுப் பட்டறைக்குப் போவார். பதிலை எதிர்பார்க்கிற கேள்வி இல்லை அது.

எல்லாம் முடிந்து பொட்டலத்தை அனுப்பினேன். நாங்கள் எல்லோரும் லேப்டாப்பில் போட்டிருந்த கட்டற்ற இயங்குதளத்தின் பொதுக் கிடங்கில் எதையும் சேர்ப்பதற்கு முன்னால், எங்கோ ஒரு நாட்டில் இருக்கும் தன்னார்வலர் ஒருவர் கோப்பு கோப்பாகப் பார்ப்பார். முகம் தெரியாத ஆள். சில நாள் கழித்து அவரிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. ரயில்வே கேட் மணிச் சத்தத்தில், முடிவில், மெதுவாக ஒரு பெண்ணின் குரல் கேட்கிறது. அவர் யார்? தன் குரல் இதில் வருவது அவருக்குத் தெரியுமா?

நான் அதைக் கவனித்திருந்தேன். ஊர்ச் சத்தம்தானே என்று விட்டிருந்தேன். கேள்வியை இரண்டு தடவை படித்தேன். எனக்கு எரிச்சல் வரவில்லை. இத்தனை மாதத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்ட ஒரே ஆள் இவர்தான். சரவணம்பட்டி மாடியில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி, கோயமுத்தூர் எங்கே இருக்கிறது என்று தெரியாத ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன் என்றால் மிகையாகத் தோன்றும். துடைத்துக்கொண்டேன்.

மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டி இருக்கிற அந்த கேட்டுக்குப் போனேன். குரலுக்குச் சொந்தக்கார அம்மாள் அங்கேயே வேகவைத்த சோளம் விற்றுக்கொண்டிருந்தார். ஹெட்போனை அவர் காதில் வைத்துப் பதிவைப் போட்டேன். மணி அடித்து ஓய்ந்ததும் ‘சோளம் வேணுங்களா அம்மணி’ என்று அவருடைய குரல். திடுக்கிட்டு ஹெட்போனைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

“என்ற கொரலாங்க?”

“ஆமாங்க. ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுல வருமுங்க. எந்த ஊர்க்காரங்க வேணாலும் கேப்பாங்க. எங்க வேணாலும் எடுத்துப் போட்டுக்குவாங்க. வேண்டாம்னா இப்பவே வெட்டி எடுத்துப்போடறனுங்க.”

“எதுக்கு வெட்டறீங்க? கெடக்கட்டும்.” கொஞ்சம் யோசித்தார். “ஆனா கொரலு கம்மிப்போயிருக்குதுங்களே. அன்னிக்குச் சளி. இன்னொருக்காச் சொல்லட்டுங்களா?”

சொன்னார். ரேடியோவில் செய்தி வாசிப்பது போல, அட்சரம் பிசகாமல், சோளத்துக்கும் அம்மணிக்கும் நடுவே ஒரு இடைவெளி விட்டு. பக்கத்தில் பைக்கோடு நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பழையதே நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. பெயர் போடட்டுமா என்று கேட்டேன். போடச் சொன்னார், தன் பெயரோடு பிறந்த வீட்டு ஊர்ப் பெயரையும் சேர்த்துப் போடச் சொன்னார். அப்படியே போட்டேன். தோழியின் பெயர் இனிஷியலோடு முதலில். அவருடையது கடைசிக்கு முன்னால். கடைசியில் என்னுடையது.

பொட்டலம் ஏற்கப்பட்டது. அந்தச் செய்தி வந்த அன்று யாரோ அதைக் குரூப்பில் போட்டார்கள். அண்ணா உடனே ‘நம் குழுவின் உழைப்புக்குக் கிடைத்த அங்கீகாரம்’ என்று எழுதி, பொன்னாடை போர்த்திய தன் படத்தை அதன் கீழே போட்டார். கும்பிடுகிற கைகள் வரிசையாக வந்தன. ஒருவர்கூட பஸ்ஸைத் திறந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அது அண்ணா கொடுத்த பஸ் இல்லை என்று தெரிந்திருக்கும். கைகள் முடியும்வரை காத்திருந்து குரூப்பிலிருந்து வெளியேறினேன். நான் போனதைக் கேட்டு ஒருவரும் போன் செய்யவில்லை. இப்போது அவர் ஏதோ ஒரு கமிட்டியில் இருக்கிறாராம். கட்டற்ற மென்பொருளைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோகிற கமிட்டி. கொண்டுபோகட்டும்.

அந்தப் பொட்டலம் இன்னும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. போன வாரம் யாரோ ஒருவர் கப்பல் சங்குச் சத்தம் ஒன்று அனுப்பியிருந்தார். அருமையான சத்தம், கடலே தெரிகிறது. எங்கே, எப்போது, யார் பதிவு செய்தது என்று கேட்டு எழுதியிருக்கிறேன். இணையத்தில் கிடைத்தது என்று பதில் போட்டிருக்கிறார். இணையத்தில் எங்கே என்று மறுபடி கேட்டிருக்கிறேன்.